வாரண்ட் வரும் வரைக்கும்

கணவர் இறந்த பிறகு, ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டு மாடியை வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் த்ரிசலா மகள் கனகலதாவைப் படிக்க வைத்தார். 1999-ம் ஆண்டு மாசி மாதத்தில், இன்ஸ்பெக்டர் அன்பரசன் சாதாரண உடையில் வந்து ஒரு போட்டோவைக் காட்டினார்.

"நம்ம மார்ட்டின் சாருங்க. மாடியிலதான் இருக்காரு. பொண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லித் தராரு."

"அவங்க நாட்டுல பொண்டாட்டியக் கொன்னுட்டு வந்திருக்கான்மா. பொணம் இப்பத்தான் கெடச்சிருக்கு."

த்ரிசலா மாடிப்படியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப இப்பவே புடிச்சிட்டுப் போங்க."

"முடியாதும்மா. இது இன்டர்போல் மூலமா வந்த தகவல். இன்டர்போல்னா தனியா ஒரு படை வந்து தூக்கிட்டுப் போவும்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்ல. ஒரு நாட்டு போலீஸ் கேக்கறத மத்த நாட்டு போலீசுக்குச் சொல்ற அமைப்பு அது. டெல்லி சிபிஐக்கு வந்து, சென்னை போயி, எங்கிட்ட வந்திருக்கு. ஆள் இங்கதான்னு நான் பதில் அனுப்பணும். அவங்க தூதரகம் நம்ம அரசாங்கத்துகிட்ட கேக்கணும். டெல்லி கோர்ட் வாரண்ட் குடுத்தாதான் நான் கை வெக்கலாம். இங்க அவன் ஒரு தப்பும் பண்ணல, விசாவும் இருக்கு."

"அதுவரைக்கும்?"

"எப்பவும் போல இருங்க."

அன்றே மகளைக் கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எப்பவும் போலக் காபி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். மார்ட்டின் வழக்கம்போல் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். "பாப்பா எங்க?" என்று கேட்டான். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்.

பௌர்ணமியன்று மத்தியானம் அவன் பையோடு இறங்கி வந்தான்.

"பெங்களூர் போறேன், அம்மா."

"சாப்பிட்டுப் போங்களேன்."

"வேணாம்."

தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம். எதிர் டீக்கடையில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் வேணு எட்டிப் பார்ப்பதற்குள் அவன் கூட்டத்தில் கலந்துவிட்டான். த்ரிசலா கதவைக்கூடப் பூட்டவில்லை. அவனுடைய வெளுத்த தலைமுடியை மட்டும் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். செங்கம் ரோட்டில் தற்காலிக பஸ் நிலையத்தில் அவன் பெங்களூர் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்ததும், அங்கிருந்த போலீஸ் பந்தலுக்கு ஓடினார்.

"இன்ஸ்பெக்டர் அன்பரசன்கிட்ட சொல்லுங்க, மார்ட்டின் பஸ் ஏறிட்டான்னு!"

பந்தலில் இருந்த போலீஸ்காரர் வயர்லெஸ்ஸை எடுத்தார். பஸ் உறுமியது. வேறு வழி தெரியாமல் த்ரிசலாவும் அதில் ஏறினார்.

கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது மார்ட்டின் திரும்பினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து படிக்கட்டை நோக்கி வந்தான். வழியில் நின்ற த்ரிசலா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். நகரவில்லை.

"தள்ளு."

"மாட்டேன்."

அவன் அவருடைய தோளைப் பிடித்து நெட்டியபோது பஸ் குலுங்கி நின்றது. குறுக்கே அன்பரசனின் ஜீப். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் டெல்லியிலிருந்து ஃபேக்ஸில் வாரண்ட் வந்திருந்தது.

அவனை நாடு கடத்துவதா என்று டெல்லி நீதிமன்றம் விசாரித்தபோது, தன் வீட்டில் இருந்தவன் இவன்தான் என்று த்ரிசலா ரயிலேறிப் போய்ச் சாட்சி சொன்னார். இரண்டு வருடம் கழித்து, அந்த நாட்டுப் போலீசார் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். அன்பரசன்தான் போனில் அதைச் சொன்னார்.

"செத்துப்போச்சே, அந்தப் பொண்ணு பேரு என்னாங்க?" என்று மட்டும் த்ரிசலா கேட்டார்.