நான் தூக்காத என் பிள்ளை

என் மகன் பிறந்த நாளை நினைத்தால் முதலில் என் தொடைதான் எரிகிறது. தொண்ணூற்றெட்டில், கம்பம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவம். வலி தாங்காமல் கத்தியபோதெல்லாம் நர்சு என் தொடையில் ஓங்கி அறைந்தாள்.

"வாய மூடிக்கிட்டு முக்குடி. கத்துறதுக்கு மட்டும் இம்புட்டுச் சத்து இருக்குல்ல?"

ஆயா என் கைகளைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருந்தாள். ரெண்டு பேர் கையும் விளங்காமல் போகட்டும் என்று சபித்தேன். அந்தச் சாபத்தை இன்றுவரை திரும்ப வாங்கவில்லை.

பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டார்கள். ஆசையாகக் கையை நீட்டினேன். புறங்கையில் அடி விழுந்தது. "ஒழுங்கா முக்கத் தெரியல, நீயெல்லாம் புள்ள தூக்கப் போறியாக்கும்! கழுத்த ஒடிச்சுராத. ஒங்க ஆத்தா தூக்கட்டும்" என்றாள் நர்சு. அடி மறுநாளே ஆறிவிட்டது. அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

காமயகவுண்டன்பட்டியில் அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் நான் அவனைத் தூக்கவில்லை. பசித்து அழுதால் அம்மா எடுத்துவந்து மார்பில் வைப்பாள், குடித்ததும் எடுத்துக்கொண்டு போவாள். கை ரெண்டையும் பாயில் ஊன்றிக்கொண்டு பால் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "நர்சம்மா சொன்னாகள்ல, நீ பேசாமப் படு" என்பாள் அம்மா. நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள், பாவம்.

பிள்ளையைக் குளிப்பாட்ட, கைராசிக்காரி என்று பெயரெடுத்த ஓர் அம்மா வருவார். காலை நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் அவனைக் கிடத்தி, வெந்நீரை ஊற்றிக் கைகால்களை இழுத்து முறுக்குவார். கடைசியில் மூக்கை நீவிவிட்டு, துளையில் வாய்வைத்து ஊதுவார். சளி போகும், மூக்கு எடுப்பாக வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவன் அலறுவான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டியவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் காலை, தலைக்கு ஊற்றிய தண்ணீர் அவன் மூக்கில் ஏறியது. கவனிக்காமல் அந்த அம்மா ஊதிவிட்டார். அலறல் சட்டென்று நின்றது. முகம் நாவல் பழமாகக் கறுத்தது. அவர் மறுபடியும் ஊதக் குனிந்தார்.

எப்படிப் பாய்ந்தேனோ தெரியாது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு தோளைப் பிடித்துத் தள்ளியதில் அவர் அண்டாவில் மோதிச் சரிந்தார். பிரசவத்தில் போட்ட தையல் பிரிந்து என் கால் வழியே ரத்தம் இறங்கியது. பிள்ளையைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். மூக்கில் வாய்வைத்து உறிஞ்சித் துப்பினேன். இன்னொரு தடவை உறிஞ்சினேன். வீல் என்று கத்தினான்.

அம்மா ஓடிவந்து என் கன்னத்தில் அறைந்தாள். "பெரியவுகளையா தள்ளுற? புள்ளையக் குடுடி, கொன்னுராத!"

பிடுங்க வந்த கையில் பலம் கொண்ட மட்டும் அடித்தேன். பெற்றவளை அடித்ததற்கு எனக்கு வருத்தமே இல்லை.

"தொட்டா கடிச்சுப்புடுவேன். இது எம்புள்ள."

குளிப்பாட்ட வந்தவர் திட்டிக்கொண்டே எழுந்து போனார். ஈரத்தரையில் அவனை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய்த் துண்டோடு வந்தாள். வழக்கம்போலத் தானே துவட்டக் குனிந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

துண்டை என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல தலையத் தொவட்டு ஆத்தா" என்றாள்.