நைனாவின் சட்டைப்பைப் புத்தகம்

நைனாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. டோல்கேட் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நைனா துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். கப்பலின் அடித்தளத்தில் நிற்கிற ஆளுக்குக் கேட்கும்படி மேலிருந்து கத்திக் கத்திப் பழகிய தொண்டை. ராயபுரத்தில் எங்கள் சந்து முனையில் அவர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், உள்ளே உலை வைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு முழுக்கதையும் தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரிடம் மிச்சமிருந்தது ஒரே சொல். “வா.” தண்ணீர் வேண்டுமென்றாலும் “வா, வா”தான், ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் “வா, வா”தான். நாங்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. பெரிய எழுத்தாக இருந்தால் மெதுவாகப் படிக்கவும் முடிந்தது. வலது கை விழுந்துவிட்டதால் எழுதத்தான் முடியவில்லை. அம்மா ஒவ்வொன்றாகக் கேட்பாள். “தண்ணியா? டீயா? கால் வலிக்குதா? இன்னாய்யா வேணும், சொல்லேன்!” ஒருநாள் அப்படிக் கேட்டுக்கொண்டே போனபோது டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அடித்துவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடம், வேண்டிய சொற்களை எழுதி வைத்தால் தொட்டுக் காட்டுவார் என்றார். முழுத் தாள்களில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் அவரால் அவற்றைப் புரட்ட முடியவில்லை. ஃபேன் காற்றில் தரையெல்லாம் ‘தண்ணி’யும் ‘சோறு’மாகப் பறந்தன. சட்டைப்பையில் வைக்கிற அளவில் ஒரு புத்தகம் இருந்தால் தேவலை என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் கடையில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தேன். வேர்டில் பிரிண்ட் கொடுக்கும்போது ஒரு தாளில் நான்கு பக்கம் என்று தேர்ந்தெடுக்கலாம். பக்கங்கள் தாமாகச் சுருங்கி ஒரே தாளில் உட்கார்ந்துகொள்ளும். பிட் அடிக்கிற பிள்ளைகளுக்காக அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் புத்தகமாக மடிக்க வேண்டுமென்றால் பக்கங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்தால் ஆகாது. இரண்டு வெள்ளைத்தாளைக் குறுக்கே வெட்டி, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பென்சிலால் ஒன்றிலிருந்து பதினாறு வரை எண் போட்டேன். பிரித்துப் பார்த்தால் பதினாறாம் பக்கத்தை ஒட்டி முதல் பக்கம் இருந்தது. அதன் முதுகில் இரண்டும் பதினைந்தும், அடுத்த துண்டில் பதினான்கும் மூன்றும். அந்த வரிசையையே முதல் தாளுக்குப் பிரிண்ட் பெட்டியில் பக்க எண் கேட்கும் இடத்தில் அடித்தேன்: 16, 1, 14, 3. தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்துக்கு 2, 15, 4, 13. இரண்டாம் தாளுக்கும் இதே கணக்குதான்.

முதல் தடவை தாளைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். ‘சோறு’ நேராக நின்றது, அதன் பின்னால் ‘பாத்ரூம்’ தலைகீழாகத் தொங்கியது. இரண்டாம் தடவை எழுத்து எறும்பு மாதிரி சுருங்கி வந்தது. கடைக்காரர் வண்ணாரப்பேட்டை பாய். குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“இன்னாம்மா, பேப்பரெல்லாம் பொரியலா?”

நைனாவுக்கு என்று சொன்னேன். போய்ப் புதுத் தாள் கட்டைப் பிரித்து எடுத்துவந்தார். “எழுத்த ரெண்டு மடங்கு பெருசாக்கு. பொறவு சுருக்கினா சரியா வரும். தாளுக்கு ஓரத்துல பென்சில்ல ஒரு அம்பு போட்டுக்க, தல எது வால் எதுன்னு தெரியும்.”

அவர் சொன்னபடி செய்ததும் சரியாக வந்தது. கடையிலிருந்த ஸ்டேப்ளரின் வாய் நடு மடிப்பு வரை எட்டவில்லை. அம்மா ஊசிநூலால் தைத்துக் கொடுத்தாள். அதோடு, நைனாவின் சட்டைகளில் இடப்பக்கப் பையைப் பிரித்து வலப்பக்கத்தில் வைத்துத் தைத்தாள், இடது கைக்கு எட்டும்படி.

நைனா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை புரட்டினார். தண்ணி, சோறு, டீ, வலிக்குது, ஃபேன், டாக்டர். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் புரட்டினார். பதினாறாவது பக்கத்துக்கு எனக்குச் சொல் கிடைக்காமல் வெறுமையாக விட்டிருந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்துத் தட்டினார். “வா. வா.” என்னைப் பார்த்தார், மறுபடியும் தட்டினார்.

“இன்னும் இன்னா நைனா? எது வுட்டுப் போச்சு?”

அவர் அம்மாவைக் காட்டினார். பிறகு சோற்றுக் குண்டானைக் காட்டினார். பசிக்கிறது போலும் என்று அம்மா தட்டில் போட்டு எடுத்துவந்தாள். அவர் தட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பி வைத்தாள். அவர் மறுபடி தள்ளினார். அம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் துன்ட்டனான்னு கேக்குறாருடி.”

மணி நாலு இருக்கும். அவள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. நான் அதைக் கேட்டிருக்கவில்லை. நைனா பார்க்கப் பார்க்க, அழுதுகொண்டே அந்தத் தட்டுச் சோற்றைத் தின்று முடித்தாள். நான் செய்த புத்தகத்தில் இருந்ததெல்லாம் நோயாளிக்கு வேண்டியவை. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த புத்தகத்தை அவரைக் கேட்டே செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல் சொல்லாகச் சொல்வேன். வேண்டுமென்றால் என் கையை அழுத்துவார். ‘துன்ட்டியா?’ முதல் பக்கத்துக்கு வந்தது. ‘டாக்டர்’ போய்விட்டது. ‘சக்கர கம்மி, ஸ்ட்ராங்கா ஒரு டீ’ வந்தது. ‘கம்முனு கெட’ என்று நான் விளையாட்டாகச் சொன்னதற்குக் கையை நெரித்தே விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு வின்ச் ஓட்டிய தோஸ்து பார்க்க வந்தார். வந்தவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, கும்பிடுகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, “எல்லாம் சரியாப் பூடும் மாமு, சாமி கீது” என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். நைனா பொறுத்துப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். ‘போடா பேமானி.’

தோஸ்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நைனாவைக் கட்டிப் பிடித்தார். பிறகு விடவே இல்லை.

அதன் பிறகு நைனா தனியாக டீக்கடைக்குப் போகத் தொடங்கினார். வருடம் ஓட ஓடச் சில சொற்கள் வாய்க்கே திரும்பின. திரும்பிய சொல்லைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுவேன்.

பயிற்சிக்குப் போகும் இடத்தில் மற்றவர்களும் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். பாய் மறுப்புச் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடித்தேன். முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். பேச்சு போய்ப் படுக்கையில் இருந்த அவர் புருஷன், மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்வந்தவர். கடையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வைத்திருந்த பழைய பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இதெல்லாம் நானே மூஞ்சப் பாத்துத் தெரிஞ்சிக்குவேன் கண்ணு. நீ இத எழுது. ‘கடல் எப்டி கீது?’ வெடிஞ்சதும் அத்தத்தான் கேப்பாரு. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் அடித்தேன்.