கூப்பிடாமல் உள்ளே போன நாள்

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. பதினெட்டு வயது முடிந்து குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியே வரும் பெண்கள், சொந்தக் காலில் நிற்கும்வரை தங்குவதற்கென்று உத்தமபாளையத்தில் ஒரு வீடு இருந்தது. அதில் நானும் ஒருத்தி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து ராயப்பன்பட்டிக்கு ஓடுவேன். அங்கே ஒரு இல்லத்தில் என் தங்கை ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பேன் பார்த்து, சடை போட்டு, அவள் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டு வருவேன். எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. ஒரு ஞாயிறு நான் போகவில்லை என்றால், பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று அங்கிருந்து போன் வந்துவிடும்.

எங்கள் வீட்டை நடத்தும் கமிட்டி அவ்வப்போது கூடும். அன்றைக்கு நாங்கள் வீட்டைக் கழுவித் துடைப்போம், டீ கொடுப்போம், பிறகு வெளியே போய் நிற்போம். உள்ளே எங்களைப் பற்றிப் பேசி முடித்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு முடிவைச் சொல்வார்கள். நாங்கள் கைகட்டி நின்று நன்றி சொல்ல வேண்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை. சொந்தப் பிள்ளைக்குச் செய்வதுபோலத்தான் செய்தார்கள். சொந்தப் பிள்ளையிடம் மட்டும் யார் விருப்பம் கேட்கிறார்கள்!

அந்தத் தடவை என்னைத் திருப்பூருக்கு, ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று முதல் நாளே காதில் விழுந்துவிட்டது. ஹாஸ்டல், சாப்பாடு, நல்ல சம்பளம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். திருப்பூர் போய்விட்டால் தீபாவளிக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வரலாம். அதற்குள் தங்கச்சி என்ன ஆவாள்?

கூப்பிட்டார்கள். வார்டனம்மா முடிவைச் சொன்னார். நான் நன்றி சொல்ல வாயைத் திறக்கும்போது, கமிட்டிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு அம்மா குறுக்கிட்டார். லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இரும்மா. போகப்போறது நீ. நீ என்ன சொல்ற?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. மனதுக்குள் போட்டுக் குமைந்ததெல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது என்ன தெரியுமா? "உங்க இஷ்டம்மா." சின்ன வயதிலிருந்து எதற்கெடுத்தாலும் அதையே சொல்லிச் சொல்லி, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். அடுத்தவளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். சமையல் செய்யும் அக்கா வந்து பார்த்தார்.

"என்னாத்தா, கழுவுன டம்ளரையே கழுவிக்கிட்டு இருக்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அதான் கேட்டாகல்ல? அங்கன வாயை மூடிக்கிட்டு இங்கன வந்து அழுதா, குழாயா பதில் சொல்லும்?"

சுள்ளென்று கோபம் வந்தது. அக்கா மேலா, என் மேலேயா, தெரியவில்லை. கூப்பிடாமல் உள்ளே போவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். ஈரக் கையோடு போய் நின்றேன். "நான் போகலை. என் தங்கச்சி பத்தாவது முடிக்கட்டும். அதுவரைக்கும் இங்கனயேதான் இருப்பேன்." சொன்னேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி.

வார்டனம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பத்தான எங்க இஷ்டம்னு சொல்லிட்டுப் போன?"

"அப்படித்தானம்மா சொல்லப் பழக்கியிருக்கீக."

இத்தோடு வீட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த லோயர் கேம்ப் அம்மா, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். "உக்காந்து சொல்லு" என்றார்.

அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறேனே தவிர உட்கார்ந்ததில்லை. விளிம்பில் உட்கார்ந்து, அழுகையும் பேச்சுமாகச் சொல்லி முடித்தேன். இப்படி ஆளாளுக்குப் பேசவிட்டால் வீடு நடத்த முடியாது என்றார் ஒருவர். பெரிய வாக்குவாதம். கடைசியில் வார்டனம்மாதான், "இருந்துட்டுப் போகட்டும், அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அடுத்த கூட்டத்திலிருந்து எங்களை உட்கார வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்.

தங்கை பத்தாவது முடித்து, மேலே படிக்கத் தேனியில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். "இனி நான் பாத்துக்கிறேன், நீ போக்கா" என்று அவளே சொன்னாள். கிளம்பி எங்கே வந்தேன் என்கிறீர்கள்? திருப்பூருக்குத்தான். அதே மாதிரி பனியன் கம்பெனி, அதே மாதிரி ஹாஸ்டல். "இதுக்கா அன்னைக்கு அம்புட்டு ஆர்ப்பாட்டம் பண்ணுன?" என்று சமையல் அக்கா போனில் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அன்றைக்கு என்னை அனுப்பிவைக்கப் பார்த்தார்கள், பிறகு நானாகவே வந்தேன். ஊரும் வேலையும் ஒன்றாக இருந்தாலும் எனக்கு அது இரண்டும் ஒன்றில்லை.