பரீட்சை வாசலில் தணிகைவேலன் அனுப்பிய ஆள்

முருகனடியார்களுக்கு வணக்கம். இதை எழுத நோட்டை எடுத்து வைத்து மூன்று வருஷம் ஆகிறது. எழுதினால் என் நாத்தனாரைப் பற்றியும் எழுத வேண்டும். அதற்குத்தான் மனசு வரவில்லை. அவரை விட்டுவிட்டு எழுதினால் சாமி பேரில் பொய் சொன்னதாகும்.

திருத்தணியில் மலையடிவாரத்து டிபன் கடையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் என் வீட்டுக்காரர் வேறொருத்தியோடு போய்விட்டார். அவருடைய அக்கா கோமளா எங்கள் தெருவிலேயே நின்று, "புருசன வெச்சிக்கத் தெரியாதவளுக்கு சோறு ஒரு கேடா?" என்று கேட்டார். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

தோசைக்கல்லோடு ஆயுசு முடியக் கூடாது என்று சமுதாயக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்தேன். விடியற்காலையில் கடை. பிறகு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வகுப்பு. வகுப்பு விட்டதும் மறுபடி கடை. "இந்த ஒரு வருசந்தான் நடுவுல போக வுடுவேன்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்ட வகுப்புப் பெண்களிடம் துபாயில் என்று சொல்லிவைத்தேன்.

பாடம் ஏறியது. ஊசிதான் வரவில்லை. கல்லின் சூட்டில் காய்த்துப்போன விரல் நுனிக்கு ரத்தக்குழாய் தட்டுப்படவே இல்லை. "அக்கா, என் கைய வுட்டுடுங்க, இது ஊத்தப்பம் இல்ல" என்று கூடப் படித்தவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்முறைப் பரீட்சையில் தவறினால் எல்லாம் வீண்.

"தணிகைவேலா, விரலுக்கு உணர்வு கொடு, முடி காணிக்கை தருகிறேன்" என்று வேண்டினேன். எல்லோரும் வேண்டுதல் பலித்த பிறகு மொட்டை போடுவார்கள். நான் பயத்தில், பரீட்சைக்கு முந்தைய கிருத்திகையிலேயே போட்டுவிட்டேன். "இன்னா சரசு, சாமிக்கே அட்வான்ஸா?" என்றார் கடைக்காரர்.

பரீட்சை அரக்கோணத்தில், வேறொரு கல்லூரியில். வாசலில் இருந்த அதிகாரி ஹால்டிக்கெட்டைப் பார்த்தார். படத்தில் தோளில் பின்னல் போட்டவள். எதிரில் மொட்டைத் தலை. ஆதார் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"இது நீங்களாம்மா?"

"ஆங் சார், நான்தாங்க. வேண்டுதலுங்க."

"ஆள் மாத்தி வர்றவங்க எல்லாம் இப்படித்தான் சொல்றாங்க."

கூடப் படிப்பவர்களின் சொல் செல்லாது என்றார். எங்கள் கல்லூரியில் போனை எடுக்கவில்லை. இங்கே வேலை பார்ப்பவர் யாராவது தெரியும் என்று கையெழுத்துப் போட்டால் விடுகிறேன், கால் மணி நேரம்தான் என்றார்.

சுவரில் சாய்ந்து அழுதேன். "முருகா, முடியைத்தானே கொடுத்தேன். முகத்தையுமா எடுத்துக்கொண்டாய்?"

அப்போது துடைப்பத்தோடு வந்தார் கோமளா. அங்கே பெருக்கும் வேலையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நல்ல ஆளாகப் பார்த்து அனுப்பினாய் என்று சாமியைத் திட்டினேன். என் தலையைப் பார்த்தார். வாசலில் நடந்த பேச்சைக் கேட்டார். பிறகு நேராக அதிகாரியிடம் போனார்.

"இவ என் தம்பி பொண்டாட்டி சார். அவன் இன்னொருத்திய இட்டுகினு ஓடிப் பூட்டான். இவ தோச சுட்டுகினு புள்ளைய வளக்கிறா. இவளேதான். எனுக்குத் தெரியாதா? கையெழுத்து எங்க போடணும்?"

வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். என் துபாய்க் கதை அந்த வாசலிலேயே முடிந்தது.

உள்ளே போனேன். எதிரில் நீட்டிய கையைப் பிடித்தேன். மறைக்க இனி என்ன இருக்கிறது? விரலுக்கடியில் ரத்தக்குழாய் துள்ளியது. முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இன்று பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு. போன தை மாதம் கோமளா சர்க்கரை பார்க்க வந்தார்.

"வலிச்சிதா அண்ணி?"

"வலிக்கலமே."

அவ்வளவுதான் பேச்சு. தெருவில் சொன்னதற்கு அவர் வருத்தம் சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. கிருத்திகைதோறும் படியேறி, அந்தக் கசப்பை எடுத்துக்கொள் என்கிறேன். இன்னும் எடுக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். தருவான். யார் கையால் தருவான் என்பது மட்டும் நம் இஷ்டம் இல்லை.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். மாற்றாமல் சொல்லுங்கள். யாரோ ஒரு புண்ணியவதி வந்தாள் என்று சொல்லிவிடாதீர்கள். நாத்தனார் கோமளா துடைப்பத்தோடு வந்தார் என்றே சொல்லுங்கள்.