கொசுக்காரன் வீட்டுக் கண்ணாடி ஜாடி

சேதுபதிக்குத் தண்ணீர் என்றால் பயம். கடல் தண்ணீருக்கு இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன் தலைசுற்றல் நின்றதும் மேல்தட்டில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டே சிங்கப்பூர் வந்து சேர்ந்தவன். ஓடுகிற தண்ணீருக்கும் இல்லை. அவன் பயந்ததெல்லாம் நிற்கிற தண்ணீருக்குத்தான். கொட்டாங்கச்சியில் கையளவு மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தால்கூட அதைக் காலால் கவிழ்த்துவிட்டுத்தான் மேலே நடப்பான்.

பார்த்த வேலை அப்படி. முனிசிபாலிட்டிக்காரர்கள் கொசு ஒழிக்க ஆள் எடுக்க ஆரம்பித்த புதிதில் சேர்ந்தவன் அவன். சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போன காலம் அது. தோளில் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு சாக்கடை, குட்டை, மாட்டுக் கொட்டகையின் பின்பக்கம் என்று தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் போய் ஊற்ற வேண்டும். எண்ணெய் படர்ந்துவிட்டால் மூச்சுவிட மேலே வருகிற கொசுப்புழு செத்துப்போகும். எருமைச் சாலைப் பால்காரர்கள், "கொசுக்காரன் வர்றான், குடிதண்ணிய மூடி வையிங்கப்பா" என்று கேலி செய்வார்கள். சேதுபதி சிரிக்கமாட்டான். அந்த வேலையில் சிரிக்க அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஏனென்றால் அவனுடைய மூத்த பையன் காய்ச்சலில் போனவன். ஓடியாடித் திரிந்த பிள்ளை, படுத்தான், எழுந்திருக்கவில்லை. அப்போது சேதுபதி துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். கொசுவால் காய்ச்சல் வரும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பிறகு இந்த வேலைக்கு வந்து, நெளிகிற புழுவை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டி, இதுதான் கொசு ஆகிறது, அதுதான் கடிக்கிறது என்று மேஸ்திரி விளக்கிய அன்று, அவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொல்லையில் இருந்த பானை, சட்டி, பீப்பாய் அத்தனையையும் கவிழ்த்தான். மனைவி பூவம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பையன் போனதிலிருந்து அவள் எதையும் கேட்பதை விட்டிருந்தாள்.

இளையவள் கண்மணி பிறந்த பிறகும் பூவம்மா அப்படித்தான் இருந்தாள். சமைப்பாள், பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவர்கள் குடியிருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வெயில் விழும். பிறகு அதுவும் போய்விடும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"ஏங்க, எனக்கு ஒரு கண்ணாடி ஜாடி வேணும். பெரிசா."

"ஊறுகாய் போடவா?"

"இல்ல. தண்ணி ஊத்தி உள்ள செடி வைக்க. மீன் விட."

கல்யாணமான புதிதில் பூவம்மா ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தவள். அந்த வீட்டுத் துரைசானி ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தாள். அதற்குள் மண்மேடு, கல், மேடு முழுக்கப் புல், புல்லுக்குள் மீன். தண்ணீருக்கடியில் ஒரு தோட்டம். அதைத் துடைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் பூவம்மாவின் வேலை. துரை குடும்பம் சீமைக்குத் திரும்பி எத்தனையோ காலமாகிவிட்டது. தொட்டி மட்டும் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

சேதுபதி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். ஊரில் உள்ள தண்ணீரையெல்லாம் தேடித் தேடி எண்ணெய் ஊற்றுகிறவன் வீட்டிலேயே ஒரு குட்டையா? முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பையன் போன பிறகு அவள் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அது. முடியாது என்றால் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம். சரி என்றால் தண்ணீருக்குப் பயம். இரண்டு பயத்தில் எது பெரிது என்று அவனுக்குத் தெரியவில்லை. சரி என்றான்.

கடையில் வாங்குகிற சங்கதியா அது? டிராமுக்கு மின்சாரம் எடுக்கிற கொட்டகையில் நூர்தீன் என்று ஒரு சிநேகிதன் இருந்தான். பேட்டரிக்குத் திராவகம் ஊற்றி வைக்கிற கண்ணாடி ஜாடிகளில் விளிம்பு உடைந்ததை அங்கே குப்பையில் போடுவார்கள். மேற்பார்வைக்காரரிடம் கேட்டு அப்படி ஒன்றை வாங்கித் தந்தான். சதுரமாக, லேசான பச்சை நிறத்தில், கைக்குழந்தையைவிடக் கனமாக இருந்தது.

"அண்ணே, திராவகம் இருந்த ஜாடி லா இது. நல்லா ஊறப்போட்டுக் கழுவச் சொல்லுங்க. இல்லாட்டி மீனு பொழைக்காது" என்றான் நூர்தீன்.

மீனுக்கே ஆகாதென்றால் பிள்ளை கை வைத்தால் என்ன ஆகும்? சேதுபதி வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு ஜாடியைச் சுமந்து வந்தான். பூவம்மா அதை அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டாள், தேய்த்தாள், மறுபடி ஊறப்போட்டாள். கடைசியில் ஜாடித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றாள். அவன் பதறிப்போய் அவள் நாக்கை நீட்டச் சொன்னான். அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமோ ஆகியிருந்தது.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய ஓடையிலிருந்து கறுப்புச் சேறு கொண்டுவந்து அடியில் போட்டாள். அதன்மேல் அலசி அலசித் தெளிந்த மணல். பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் சரிவாகவும் மண்ணை ஒதுக்கினாள். அப்படி வைத்தால்தான் உள்ளே தூரம் இருக்கிற மாதிரித் தெரியும் என்றாள். ரோடு போடக் கொட்டிய சல்லியில் நல்லதாக ஒரு கருங்கல்லைப் பொறுக்கி, நடுவில் வைக்காமல் ஓரமாகச் சாய்த்து வைத்தாள். கால்வாய்க் கரையில் கிடந்த ஒரு வேர்க்கட்டை. ஓடையில் பிடுங்கிய வேலம்பாசிக் கொத்து, கூடவே நாடா மாதிரி நீளமாக வளர்கிற ஒரு தண்ணீர்ப் புல். மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டாள், மண் கலங்காமல். காசு கொடுத்து வாங்கியது ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் அந்தக் கொஞ்ச நேர வெயில் ஜாடிமேல் விழுந்தபோது அறைக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"மீன் எப்ப விடுவே?" என்று கேட்டான் சேதுபதி.

"செடி வேர் பிடிக்கட்டும். இப்பவே விட்டா நோண்டிப் பிடுங்கிப் போட்டுரும்."

அந்த இடைவெளியில்தான் அவன் பயந்தது நடந்தது. ஒருநாள் வேலை விட்டு வந்து ஜாடிக்குள் குனிந்து பார்த்தான். வேலம்பாசிக்கு நடுவில் நெளிந்துகொண்டிருந்தன. தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கி, மறுபடி துடித்துக் கீழே இறங்கின. ஊரெல்லாம் அவன் கொன்ற அதே புழு. கண்மணி பக்கத்தில் நின்று, கண்ணாடியில் கன்னத்தை வைத்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "கொட்டு இதை" என்றான். "இப்பவே கொட்டு."

"நாளைக்குக் காலையில மீன் விடுறேன். மீன் தின்னுரும்."

"தின்னலேன்னா?"

"தின்னலேன்னா நானே கொட்டிருறேன்" என்றாள் பூவம்மா.

மறுநாள் முந்தானையை ஓடையில் முக்கி, நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்னச் சின்ன மீன்களைப் பிடித்துவந்து விட்டாள். சாயங்காலம் அவன் வந்து பார்த்தபோது ஒரு புழு இல்லை. கண்ணாடியை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இல்லை. ஆனாலும் அவனுக்கு மனம் ஆறவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்ததும் ஒருதரம் ஜாடியைச் சோதித்தான். பூவம்மா இப்போது பேசினாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு இது நிலைக்க வேண்டுமே என்று கலக்கமாக இருந்தது.

மழைக்காலம் பிறந்தது. கண்மணிக்குக் காய்ச்சல் வந்தது.

விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மதியம் சுருண்டு படுத்தாள். மாலைக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணைத் திறக்காமல் முனகினாள். மூத்தவனும் இப்படித்தான், இதே கட்டிலில்தான் முனகினான். ஆஸ்பத்திரியில் வாங்கிவந்த கொயினா மருந்தைக் கரைத்து ஊற்றினார்கள், வாந்தியெடுத்தாள். சேதுபதி மூலையில் நின்று பார்த்தான். அவன் பார்வை பிள்ளைமேல் இருந்து ஜாடிக்கும் ஜாடியிலிருந்து பிள்ளைக்கும் போய்ப் போய் வந்தது. இத்தனை தண்ணீரைக் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைத்தது யார்? நான்தானே, நான்தானே சுமந்து வந்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான்.

வாசலில் இருந்த எண்ணெய் டின்னை எடுத்துவந்தான். பூவம்மா பிள்ளையை மடியில் போட்டு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கையில் டின்னைப் பார்த்தாள். தடுக்கவில்லை. அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. ஊற்றினான். எண்ணெய் தண்ணீர்மேல் பல நிறமாகப் பரவி ஓரம்வரை போய் நின்றது. காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளை உடம்பில் செம்புள்ளி கண்டது. சேதுபதி வேலைக்குப் போகவில்லை. மாரியம்மனுக்கு, காளியம்மனுக்கு, நாகூர் ஆண்டவருக்கு என்று ஒருத்தர் விடாமல் நேர்ந்துகொண்டான். பூவம்மா பேசவில்லை. பழைய பூவம்மாவாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரையும் ஒரே நாளில் இழந்துவிட்டேன் என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுவரைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்.

"மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப நம்ம வீட்ல ஜாடி இல்லையே?"

அவன் ஜாடியைத் திரும்பிப் பார்த்தான்.

"பீப்பாயும் அப்ப கொல்லையில கெடந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. பெறகு எங்கேயிருந்துங்க வருது?"

சேதுபதி அறையைப் பார்த்தான். அப்போதும் இருந்து இப்போதும் இருப்பது எது? அடுப்பு, அரிசிப் பெட்டி, சாமி படம். பிறகு கட்டில். மூத்தவன் பிறந்தபோது அவனே பலகை வாங்கி அடித்த கட்டில். பிள்ளையை எறும்பு கடிக்கிறதென்று, நாலு காலுக்கும் அடியில் நாலு பால் டின்னை வைத்துத் தண்ணீர் ஊற்றியவனும் அவன்தான். அன்றிலிருந்து இன்றுவரை காலையில் வேலைக்குக் கிளம்புமுன் குறைந்த தண்ணீரை அவன்தான் நிரப்புவான். நிரப்பினானே தவிர ஒருநாளும் கொட்டியதில்லை. அது அவனுக்குத் தண்ணீராகவே தோன்றியதில்லை; அது கட்டிலின் கால்.

குப்புறப் படுத்து, விளக்கை உள்ளே நீட்டிப் பார்த்தான். தலைமாட்டு டின்னுக்குள் ஒரு கூட்டம் நெளிந்தது. அடுத்ததிலும் நெளிந்தது. நாலிலும்.

அவன் எழுந்திருக்கவில்லை. அப்படியே தரையில் முகத்தை வைத்துக் கிடந்தான். பூவம்மா பிள்ளையைக் கிடத்திவிட்டு இறங்கி, அவன் பக்கத்தில் படுத்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் முதுகில் கையை வைத்தாள்.

"எறும்பு கடிக்கக் கூடாதுன்னுதானே வச்சீங்க" என்றாள்.

டின்களைத் தெருவில் கொட்டிவிட்டு வந்து கட்டில்கால்களைச் சுற்றிச் சாம்பலைப் போட்டான். கண்மணிக்கு இரண்டு நாள் கழித்து வியர்த்தது, கஞ்சி கேட்டாள். அந்தக் காய்ச்சல் அந்த டின்னிலிருந்து வந்ததா, ஊரில் வேறெங்கிருந்தோ வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சேதுபதிக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எண்ணெய் பட்ட ஜாடி எத்தனை சாம்பல் போட்டும் வாடை விடவில்லை. நூர்தீனிடம் போய் நின்று இன்னொன்று கேட்டு வாங்கிவந்தவன் சேதுபதிதான். ஓடையில் இடுப்பளவு இறங்கி வேலம்பாசி பிடுங்கியவனும், முந்தானைக்குப் பதில் வேட்டியில் மீன் பிடித்தவனும் அவன்தான். மண்ணை மேடாக்கிக் கல்லைச் சாய்த்து வைக்கிற வேலையை மட்டும் பூவம்மா அவனிடம் கொடுக்கவில்லை. எண்ணெய் டின் அதற்குப் பிறகு வாசலுக்குக்கூட வந்ததில்லை.

கண்மணி வளர்ந்து, கல்யாணமாகி, புருஷன் வேலை பார்த்த செம்பவாங்குக்குப் போனாள். ஜாடி ஜன்னலோரமே இருந்தது. சேதுபதி வேலைக்குப் போன வீட்டிலெல்லாம், சாக்கடையைக் காட்ட வந்தவர்களிடம் முதலில் கட்டில் எங்கே என்று கேட்டான், கிறுக்கன் என்றார்கள். தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் வெறும் சாம்பல்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் குனிந்து பார்த்தான். முதுகு வளையாமல் போன வயதில் பூவம்மா அவனுக்காகக் குனிந்து பார்த்து, "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லுவாள். அதைக் கேட்ட பிறகுதான் அவன் படுப்பான்.