காலைத் தட்டிவிட்டுப் போ

குள்ளம்மாள் கொல்லைக்கு வேலைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் அந்தப் பேச்சு மனப்பாடம். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது அவள் வரப்பில் வந்து நிற்பாள்.

"காலத் தட்டிட்டுப் போங்க. மம்முட்டியையும் வழிச்சிட்டுப் போங்க."

மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டி உள்ளே போட்ட பிறகுதான் ஆள் வெளியே வரலாம். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவள் என்று ஊரில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இன்னும் மோசமாகச் சொன்னார்கள். அவள் கொல்லைக்குக் கீழே இருந்தது எங்கள் பெரியப்பா மாதுவின் கொல்லை. அவருக்கும் அவளுக்கும் நடந்த சண்டையைப் பிறகு சொல்கிறேன்.

பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து மலைப்பக்கமாக நடந்தால் வரும் சரிவில் அவளுக்கு நாலு ஏக்கர் இருந்தது. புருஷன் கரியன் கல்யாணமான சில வருஷத்திலேயே காய்ச்சலில் செத்துப்போனான். பிள்ளை இல்லை. கொழுந்தனார்கள் நிலத்தைக் கேட்டுப் பார்த்தார்கள், அவள் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டார்கள். சாமையையும் கொள்ளையும் தவிர வேறெதுவும் வராத மேட்டு நிலம். அதில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே கோடைக்குக் கொஞ்சமாகக் கல்லுக்கட்டு எழுப்பிக்கொண்டே வந்தாள். அதை ஒட்டிக் கத்தாழை வைத்தாள், மேட்டில் நின்ற புங்க மரங்களில் ஒரு கிளையைக்கூட யாரையும் ஒடிக்க விடவில்லை.

வெறும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவள் பிறந்தது கம்பைநல்லூர்ப் பக்கம். அங்கே அவள் அப்பன் கொல்லை வருஷா வருஷம் மழையில் கரைந்து, கடைசியில் ஏர் போகிற இடமெல்லாம் பாறை தட்டியது. அப்பன் கோலார் தங்கவயலுக்குக் கூலிக்குப் போனவர் திரும்பவே இல்லை. மண் போனால் மனுஷனும் போய்விடுவான் என்ற பயம் அவளுக்கு. சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு என் பெரியம்மாவிடம் இதை ஒரு தடவை சொன்னாளாம்.

சண்டை நடந்தது முப்பத்தைந்தாம் வருஷம். ஒரு பெருமழையில் அவளுடைய கல்லுக்கட்டு ஓரிடத்தில் வாய் பிளந்து, மண் எங்கள் பெரியப்பா கொல்லையில் வந்து படிந்தது. மறுநாள் காலையில் கூடையோடு இறங்கிவிட்டாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பெரியப்பா ஓடிப்போய் மணியக்காரரைக் கூட்டிவந்தார்.

"என்னம்மா, அடுத்தவன் கொல்லையில மண்ணு அள்றியே?" என்று மணியக்காரர் கேட்டார்.

"ஆடு தப்பி அடுத்த கொல்லைக்குப் போனா ஆடு யாருதுங்க? கொல்லைக்காரனுதா, ஆட்டுக்காரனுதா? மண்ணும் அப்பிடித்தாங்க."

மணியக்காரர் சிரித்துவிட்டார். சிரித்ததே தீர்ப்பாகி, மண் அவள் கொல்லைக்கே ஏறிப் போனது. பெரியப்பா பல வருஷம் அவளோடு பேசவில்லை.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு வைத்து ஓட்டினார்கள். கரி வியாபாரி ஒருவன் ஊர் ஊராக மரம் கேட்டு வந்தான். குள்ளம்மாளின் புங்க மரங்களையும் கேட்டான்.

"எல உதுருது, அது எருவாவுது. எலைக்கும் சேத்து வெல குடுப்பியா?" என்றாள். வியாபாரி மேலே ஏறினான்.

மேலே இருந்தது குப்புராஜின் கொல்லை. நல்லவன்தான், ஆனால் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு ஓடு போட ஆசை. உசிலையும் ஆச்சாவுமாக நின்ற மரத்தையெல்லாம் கொடுத்தான். வியாபாரி வேர்க்கட்டையையும் விடாமல் தோண்டி எடுத்துப் போனான். ஓடு போட்டாயிற்று. அடுத்த ஐப்பசியில் ஒரு மழை அடித்தது பாருங்கள், குப்புராஜின் கொல்லை அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. குள்ளம்மாளின் கல்லுக்கட்டு எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டது.

அவளுடையது சாமை அறுத்து அடித்தாள் மட்டும் நின்ற கொல்லை. தாளுக்கு மேல் முழங்கால் வரை புது மண், கறுத்த காட்டு மண். அவள் அதில் இறங்கி நடந்ததை நான் பார்த்தேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து குனிந்து அள்ளிப் பார்த்தாள். இனி அந்த நிலத்தில் கேழ்வரகு விளையும். அவள் வாழ்நாள் முழுக்கக் கல்லுத் தூக்கிக் கேட்டது அதைத்தான்.

மூன்றாம் நாள் குப்புராஜ் வரப்பில் வந்து நின்றான். மேலே அவனுக்கு மிச்சம் இருந்தது கல்லும் குழியும்தான்.

"ஆடு தப்பி ஒங்க கொல்லைக்கு வந்துடுச்சுங்க அக்கா," என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். பெரியப்பா வேலையை விட்டுவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்துகொண்டார். அத்தனை வருஷக் கோபத்துக்கும் அன்றைக்குத்தான் வட்டி கிடைத்தது அவருக்கு.

"போடா, மரத்த வித்தப்ப தெரியிலியா?" என்று கத்தி அவனை அனுப்பிவிட்டாள். நாலைந்து நாள் கொல்லையிலேயே கிடந்தாள். அதற்குப் பிறகு அவளாகவே குப்புராஜ் வீட்டுக்குப் போனாள்.

"மண்ணு ஒன்னுதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மொதல்ல கல்லுக்கட்டு கட்டு. கட்டாத கொல்லையில கொட்டுனா மறுபடி எங்கிட்டதான் வரும்."

"கல்லுக்கு எங்கக்கா போவேன்?"

"மண்ணு போன எடத்துல வேற என்னாடா மிச்சம்?"

தை முழுக்கக் கட்டினான். அடிக்கல் பெரிதாக இல்லையென்று இரண்டு தடவை பிரிக்கச் சொன்னாள். குப்புராஜின் பெண்டாட்டி ரங்கம்மாள் அழுதுகொண்டே கல் எடுத்துக் கொடுத்தாள். மாசியில் மண் ஏறத் தொடங்கியது. பழைய சாமைத்தாள் தெரிகிற வரைக்கும் அவன் மண், அதற்குக் கீழே அவள் மண். தாள் தெரிந்ததும் குள்ளம்மாள் "போதும்" என்பாள். ஒவ்வொரு கூடை மேலே போகும்போதும் வரப்பில் நின்றாள்.

"காலத் தட்டிட்டுப் போ. அது என்னுது."

அந்த மண் போவதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! பெரியப்பாகூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு, அவளிடம் இரவல் வாங்கிய மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் குப்புராஜ் இறங்கி வந்தான். தன் புதுக் கல்லுக்கட்டின் மேல் நின்றான். யாரும் கேட்காமலே ஒரு காலைத் தூக்கிக் கல்லில் தட்டினான், பிறகு அடுத்த காலை. குச்சி ஒன்றை எடுத்து மண்வெட்டியை வழித்து, அந்த மண்ணையும் தன் பக்கமே போட்டான்.

குள்ளம்மாள் மண்வெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துளி மண் இல்லை.

"கஞ்சப் பயலே," என்றாள். "இத்தன நாளு எங்கொல்லையில கெடந்ததுக்கு வாடகையா ஒரு துளி வெச்சிருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு வழக்கம்போல் சாமை விதைக்க நிலத்தை உழ ஆரம்பித்தாள்.