ஒருத்தியைப் பற்றிய ஆய்வு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். கட்டட வேலைக்காகத் தென்காசிப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவர் அப்பா. கல் உடைத்த கை. அந்தக் கையால் என்னை அடித்திருக்கிறார். அதே கையால் பிடித்துக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். இன்று மொழி கற்பித்தலில் முனைவர் பட்ட ஆய்வாளர் என்று எழுத வேண்டிய இடங்களில் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தித்தான் எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது தனியாள் ஆய்வு. நூறு பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்துக் கூட்டிக் கழிக்கிற வேலை அல்ல. ஒருத்தியை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் ஒப்புக்குச் செய்வார்கள். ஒரு சின்னப் பெண்ணை வைத்து என்ன தீசிஸ், பேசாமல் கதை எழுதலாமே என்று துறையில் ஒரு சீனியர் சிரித்தார். அவருடைய நூறு கேள்வித்தாள்களையும் நான் படித்திருந்தேன். கதை அதில்தான் அதிகம்.

என் ஒருத்தி, மலையாள வழிப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்பு படித்தாள். அவள் அப்பா தம்பானூரில் பரோட்டா மாஸ்டர். அம்மா அங்கேயே ஒரு லாட்ஜில் அறை கழுவுகிறவர். வீட்டில் தமிழில் வாய் ஓயாத பெண், வகுப்பில் ஒரு சொல் பேசுவதில்லை என்றார்கள். ஏன் பேசுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

என் வழிகாட்டிப் பேராசிரியை ஒரு விதி சொல்லி அனுப்பியிருந்தார். வகுப்பில் நான் ஒரு நாற்காலி. நாற்காலி பார்க்கலாம், பேசக் கூடாது, எழுந்துபோய்த் தடுக்கக் கூடாது.

கடைசி பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வகுப்பு ஆசிரியையின் மேசையில் மர ஸ்கேலும் இருந்தது. கேள்விக்குப் பதில் வராவிட்டால் ஸ்கேலின் விளிம்பு அவள் விரல் முட்டிகளில் இறங்கும். தோல் கிழிந்து ரத்தம் துளிர்க்கும். அவள் கையை இழுக்கமாட்டாள், அழமாட்டாள். எனக்கு என் முட்டிகள் வலித்தன. நான் படித்த வகுப்பில் டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் அடிப்பார்கள். அங்கேயும் தமிழ்ப் பிள்ளைக்கு இளக்காரப் பெயர் ‘பாண்டி’தான். அவள் இடத்தில் அவளுக்கு முன்பே நான் உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது. ‘அவமானம் இவள் நாக்கைக் கட்டிவிட்டது’ என்று எழுதினேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு நாள் கணக்கு வகுப்பில், அதே ஆசிரியை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்தாள். திரும்பினாள். ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கிப் தனக்குப் பின்பெஞ்சில் இருந்த பையன் நெற்றியில் இறக்கினாள். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைபடுமே, அந்தச் சத்தம். பாடப்புத்தகத்தின் மேல் ரத்தம் கொட்டியது. அவன் சரிந்தான். அவள் டெஸ்க்கின் மேல் ஏறி மறுபடியும் அடித்தாள். ஆசிரியை சடையைப் பிடித்து அவளைக் கீழே இழுத்துப் போட்டு, கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். அப்போதும் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை.

பையனைத் தையல் போடக் கொண்டுபோனார்கள். அவன் அப்பா நேராகத் தலைமையாசிரியை அறைக்கு வந்து, அங்கே நிறுத்தி வைத்திருந்த அவளை எல்லோரும் பார்க்க ஓங்கி ஓர் அறை விட்டார். உதடு கிழிந்தது. லாட்ஜிலிருந்து ஈரப் புடவையோடு ஓடிவந்த அவள் அம்மா, அவரைவிட வேகமாக அவளை அடித்தார்.

“நான் அடிக்கேன் சாரே. நீங்க அடிக்காதீங்க.”

டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்றார் தலைமையாசிரியை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடம் நின்றால் மறுநாளே மகளும் லாட்ஜில் கக்கூஸ் கழுவ வரவேண்டும் என்று அவள் அப்பா எப்போதோ சொல்லிவிட்டதை எனக்கு முன்பே சொல்லியிருந்தார். தலைமையாசிரியையும் என் பக்கம் திரும்பினார்.

“மோள் பின்னால உண்டாயிருந்தல்லோ. கண்டது பற.”

பின்னாலிருந்து கண்டதைச் சொல்ல என்னிடம் பதில் தயாராக இருந்தது. அந்தப் பையன் தினமும் அவளைப் பாண்டி என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் வாசித்துக் காட்டாததை நான் வெளியே சொல்வதில்லை. கொஞ்சம் நேரம் கேட்டு, அவளை வராந்தாக் குழாயடிக்குக் கூட்டிப்போய், பாண்டி என்று கூப்பிட்டதற்காக அடித்தாள் என்று எழுதியதை வாசித்தேன். வாயைக் கொப்பளித்துச் சிவப்பாகத் துப்பிக்கொண்டே அதைக் கேட்டாள்.

“அதுக்கில்லக்கா.”

“பின்னே?”

“பாண்டின்னு எல்லாருந்தான் விளிக்கா. அதுக்கு அடிச்சா ஸ்கூல்ல ஒருத்தன் மிஞ்சமாட்டான்.”

பிறகு திரும்பி நின்று சடையை முன்னால் எடுத்துப் போட்டாள். சட்டையின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, பழுப்புப் புள்ளிகள். சில பழையவை. இரண்டு மூன்று இன்னும் ஈரமாக இருந்தன.

“காம்பஸ். டெஸ்க்குக்கு அடிக்கூடிக் குத்துவான்.”

டீச்சரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“சொன்னேன். மலையாளத்துலதான் சொன்னேன். முன்னாடி பாத்து இருன்னாங்க.”

மாதக்கணக்கில் நான் அவர்களுக்குப் பின்னால்தான் இருந்தேன். எனக்குத் தெரிந்தது அந்தப் பையனின் முதுகு. டெஸ்க்குக்கு அடியில் இருந்த கை தெரியவில்லை. நான் பார்க்கப் போயிருந்தது அவள் நாக்கை.

உள்ளே போய், கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். அவள் அம்மா கிட்டே வந்து ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

“பெஞ்சு ஆணித் துருன்னுல்லா நெனச்சேன். சட்டைய அழுக்காக்குதான்னு இதுக்கும் அடிச்சேனே.”

குத்தியதும் மண்டையை உடைத்ததும் ஒன்றா என்று பையனின் அப்பா கத்தினார். தலைமையாசிரியை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வகுப்பு ஆசிரியையைப் பார்த்து, இந்தக் குட்டி உங்களிடம் புகார் சொன்னதா என்று மட்டும் கேட்டார். வகுப்பு ஆசிரியை தரையைப் பார்த்தார். டி.சி. பேச்சு அதோடு நின்றது. அவளை ஒரு வாரம் வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்கள்.

நாற்காலி பேசிவிட்டதே, ஆய்வு கெட்டதே என்றார் என் பேராசிரியை. நாற்காலியையும் ஆய்வில் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். பிடித்த வாக்கியத்தை அடித்தேன்.

வாரம் முடிந்து அவள் வந்தாள். தன் பழைய இடத்தைத் தாண்டி நடந்து, கடைசி பெஞ்சுக்கு வந்தாள். ஆசிரியை ஸ்கேலைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நகருங்கக்கா” என்றாள்.

நகர்ந்தேன். முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.